பக்கத்து வீட்டுக் கண்

ஒரே வீட்டில் நெடுநாள் குடியிருப்பவர்களுக்கு அந்த வீட்டின் குறை கண்ணில் படுவதில்லை. சமையலறைச் சுவரில் கரி ஏறியிருப்பதும், கொல்லைக் கதவு கிறீச்சிடுவதும், மழைக்குக் கூடத்து மூலை சொட்டுவதும் பழகிப் போய்விடுகின்றன. பெண் பார்க்க நாலு பேர் வருகிறார்கள் என்று கடிதம் வந்ததும்தான் வீட்டாருக்குச் சட்டென்று கண் திறக்கிறது. வருகிறவர்கள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே சுண்ணாம்பு வாளி வந்துவிடுகிறது.

தேசங்களின் பள்ளிக்கூட விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு நாட்டின் கல்வி முறையை வேறு நாட்டார் வந்து பார்த்து, குறை நிறைகளைச் சொல்லி, அதைக் கேட்ட நாட்டார் தம் பள்ளிகளைச் சீர்திருத்த முயல்கிற வழக்கம் உலகத்தில் நடந்து வருகிறது. குழந்தையைக் காலையில் புத்தகப் பையுடன் அனுப்பி வைக்கும் ஒவ்வொரு வீட்டாருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஆகவே இந்த வாரம் அதைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று உத்தேசம்.

முதலில், பிறர் வீட்டைப் போய்ப் பார்க்கும் வழக்கம் பழையது. 1831-ஆம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் விக்டர் கூஸான் என்ற தத்துவ சாஸ்திரியை ஜெர்மன் நாடுகளுக்கு, முக்கியமாகப் பிரஷ்யாவுக்கு, அனுப்பிற்று. அவர் திரும்பி வந்து எழுதிய அறிக்கை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. இரண்டே வருஷத்தில், 1833-ல், ஒவ்வொரு ஊரும் ஓர் ஆரம்பப் பள்ளியை நடத்தவேண்டும் என்ற சட்டம் பிரான்ஸில் வந்தது.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் கல்வித் தலைவராக இருந்த ஹொரேஸ் மான் 1843-ல் மணம் புரிந்துகொண்டு, புது மனைவியுடன் ஐரோப்பாவுக்குத் தேனிலவுக்குப் புறப்பட்டார். புறப்பட்டவர் என்ன செய்தார்? ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களைப் பார்த்தார். அந்த அம்மாளின் பொறுமையைத் தனியாக மெச்சத்தான் வேண்டும். பிரஷ்ய உபாத்தியாயர்கள் பிரம்பை நம்பாமல் அன்பினாலும் திறமையினாலும் பாடம் சொல்லித்தருவதை மான் கண்டு எழுதினார். அதைப் படித்த பாஸ்டன் நகரத்து உபாத்தியாயர்கள் 31 பேர் கொதித்தெழுந்து, 1844-ல் மறுப்புப் புத்தகமே வெளியிட்டார்கள். 'அயலூர்க்காரன் பெருமையைச் சொல்லி எங்களைக் குறை கூறுவதா?' என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். இந்தக் கோபத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறு இடத்தில் மறுபடி அதைச் சந்திக்கப் போகிறோம்.

இந்த வரவு செலவில் நம்மிடமிருந்து போனதும் ஒன்று உண்டு. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் விரிவாகச் செய்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்குக் கப்பலேறிய உறவினன் ஒருவன் இருந்தான் என்று சொன்னால் தவறில்லை.

போய்ப் பார்ப்பது ஒன்று. வந்து பார்க்க இடம் கொடுப்பது வேறு. வந்து பார்க்கிறவர் யார் என்பதும் முக்கியம். 1835-ல் மெக்காலே துரை நம் கல்வியைப் பற்றித் தீர்ப்பு எழுதியபோது, நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையைப் பரிசீலிக்க மைக்கேல் ஸாட்லர் தலைமையில் கமிஷன் வந்தது. ஸாட்லர் உயர்ந்த மனிதர். அயல்நாட்டுப் பள்ளிமுறையைச் செடியைப் பிடுங்குவதுபோல் பிடுங்கி வந்து நட முடியாது, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று 1900-லேயே எடுத்துச் சொன்னவர். அவர் கமிஷனில் அஸுதோஷ் முகர்ஜி போன்ற நம்மவரும் இருந்தனர். 1919-ல் வந்த அறிக்கையில் நல்ல யோசனைகள் பல. ஆயினும் அழைத்தது யார்? ஆளவந்த சர்க்கார். பார்க்கப்பட்டவர்களுக்கு, 'வாருங்கள்' என்று சொல்லும் உரிமையும் இல்லை, 'உங்கள் ஊர்ப் பள்ளியை நாங்கள் எப்போது பார்ப்பது?' என்று திருப்பிக் கேட்கும் உரிமையும் இல்லை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைச் சோதிப்பதற்கு இன்ஸ்பெக்ஷன் என்று பெயர். நாம் பேச வந்த விஷயம் அது அல்ல.

ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் இலையை மற்றவர் பார்ப்பதைப் பற்றித்தான் பேச வந்தோம். 1961-ல் பாரிஸ் நகரத்தில் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. இன்று அதில் 38 நாடுகள் அங்கம் வகிக்கின்றன. இந்தியா அங்கத்தினர் அல்ல. அந்தக் கழகம் 1960-களில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திற்று. அங்கத்தினராக உள்ள ஒரு நாடு, 'எங்கள் கல்வியைப் பாருங்கள்' என்று தானே கேட்டுக்கொள்ளும். முதல் வேலையாக அந்த நாடே தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதவேண்டும். பிறகு மற்ற நாடுகளைச் சேர்ந்த அறிஞர்கள் சிலர் வந்து பள்ளிகளிலும் சர்வகலாசாலைகளிலும் புகுந்து பார்ப்பார்கள். மந்திரிகள், உபாத்தியாயர்கள், மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்களுடன் பேசுவார்கள். தங்கள் அபிப்பிராயத்தை எழுதுவார்கள். கடைசியாக, பாரிஸில் எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் சூழ்ந்திருக்க, பார்த்தவர்கள் கேள்வி கேட்க, பார்க்கப்பட்ட நாட்டின் மந்திரியோ பெரிய உத்தியோகஸ்தரோ எழுந்து பதில் சொல்லவேண்டும். அதன் பிறகே அறிக்கை அச்சாகும்.

அபராதம் கிடையாது, உத்தரவு கிடையாது. சொன்ன யோசனையைக் குப்பையில் போட்டாலும் கேட்பாரில்லை. ஆனால் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும் என்பது இருக்கிறதே, அதற்கு உள்ள பலம் எந்தச் சட்டத்துக்கும் இல்லை. இன்று எழுந்து நிற்பவர் நாளை கேள்வி கேட்கிறவராக உட்காருவார் என்பதனால், கேட்கிறவர்களின் நாவிலும் ஓர் அடக்கம் இருக்கும்.

இவற்றில் மிகவும் பேர்போனது ஜப்பானில் நடந்தது. 1970-ஆம் ஆண்டில் ஐந்து பேர் அங்கே போனார்கள். அந்த ஐவரைப் போல ஒரு கோஷ்டி அபூர்வமாகத்தான் சேரும். எட்கார் பார் பிரான்ஸின் பிரதம மந்திரியாக இருந்தவர். 1968-ல் பாரிஸ் மாணவர்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தபிறகு, கல்வி மந்திரிப் பதவியை ஏற்று அந்த நெருப்பைக் கையால் தொட்டவர். எட்வின் ரெய்ஷவர் டோக்கியோவில் பிறந்த அமெரிக்கர். ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். ரானல்ட் டோர் என்ற ஆங்கிலேயர் ஜப்பானின் பழைய காலத்துக் கல்வியைப் பற்றியே புத்தகம் எழுதியவர். இவர்களுடன் நார்வே தேசத்து யோஹான் கால்டுங், இஸ்ரேல் தேசத்து ஜோஸப் பென்-டேவிட்.

அப்போது ஜப்பான் எந்த நிலையில் இருந்தது? தொழிலிலும் வியாபாரத்திலும் உலகமே மூக்கில் விரலை வைக்கும்படி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் 1969 ஜனவரியில் டோக்கியோ சர்வகலாசாலைக் கட்டடத்தை மாணவர்கள் பிடித்துக்கொண்டு போலீஸாருடன் போராடினார்கள். அவ்வருஷம் அந்தச் சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சையே ரத்தாயிற்று. வெளியே ஜரிகை, உள்ளே ஊசி குத்துகிறது என்ற நிலைமை.

ஐவரும் பார்த்துவிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். பதினெட்டாவது வயதில் எழுதும் ஒரு பரீட்சை ஒருவனுடைய வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்து விடுகிறது. எந்தச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது என்பதைத்தான் உலகம் கேட்கிறதே அல்லாமல், அங்கே என்ன கற்றான் என்று கேட்பதில்லை. அந்தப் பரீட்சையின் நிழல் கீழ்வகுப்புகள் வரையில் விழுந்து கல்வியைக் கெடுக்கிறது. கல்வி மந்திரி இலாகாவின் பிடி இறுக்கமாக இருக்கிறது. அறிக்கை 1971-ல் வெளியாயிற்று.

இதில் ஜப்பானியருக்குத் தெரியாத செய்தி என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அறையில் நள்ளிரவு வரையில் விளக்கு எரிவதை ஒவ்வொரு ஜப்பானியத் தாயாரும் கண்டிருப்பாள். ஆனால் வீட்டுக்குள் முணுமுணுத்ததை வெளியார் உரத்துச் சொன்னபோது, அது விதி என்ற நிலை மாறி விவாதம் ஆயிற்று. 1979-ல் சர்க்கார் சர்வகலாசாலைகளுக்கெல்லாம் பொதுவான முதற்கட்டப் பரீட்சை ஒன்று வந்தது. அதனால் பாரம் குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. 'ஜுக்கு' என்று அவர்கள் சொல்லும் தனிப்பயிற்சிக் கூடங்கள் பின்னும் பெருகின. நோயைச் சொல்வது வைத்தியன் வேலை. பத்தியம் இருப்பது நோயாளியின் வேலை அல்லவா? நூறு வருஷங்களுக்கு முன், 1871-ல், இவாகுரா பிரபுவின் தலைமையில் கப்பலேறி அமெரிக்கா ஐரோப்பாப் பள்ளிகளையெல்லாம் பார்த்து வந்த தேசம் அது. பிறர் முறையை வாங்கிக்கொள்வதில் அவர்களைப் போல் சமர்த்தர் இல்லை. அப்பேர்ப்பட்டவர்களாலும் தாமே வளர்த்த பரீட்சைப் பேயை எளிதில் ஓட்ட முடியவில்லை.

ஐவரில் ஒருவரான டோர் 1976-ல் பட்டங்களின் மேல் உலகத்துக்கு ஏறியுள்ள பைத்தியத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இங்கிலாந்து, ஜப்பான், கென்யாவுடன் இலங்கையையும் எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். பின்னால் முன்னேறத் தொடங்கிய நாடுகளில்தான் இந்தப் பைத்தியம் அதிகம் முற்றுகிறது என்பது அவர் கருத்து. யாழ்ப்பாணத்திலோ கும்பகோணத்திலோ பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன பட்டம் என்று விசாரிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை நிரூபித்துக்காட்ட வேண்டியதில்லை.

ஜெர்மனியின் கதை வேறு விதமானது. ஒரு காலத்தில் கூஸானும் மானும் யாத்திரை போன தேசம் அல்லவா அது? பாரிஸ் கழகத்தார் 2000-ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிப் பரீட்சை வைக்கிறார்கள். அதற்குப் 'பிஸா' என்று பெயர். இத்தாலியில் சாய்ந்து நிற்கும் கோபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இதைக் கண்டு சாய்ந்த மந்திரிகள் உண்டு. 2001 டிசம்பரில் முதல் முடிவு வந்தபோது, சராசரி 500 என்று வைத்த வாசிப்புத் தேர்வில் ஜெர்மன் பிள்ளைகள் 484. பின்லாந்துப் பிள்ளைகள் 546. ஜெர்மானியர் திகைத்துப் போனார்கள்.

எண்ணைவிட அவர்களைச் சுட்டது வேறொன்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இடையே இருந்த பள்ளம், பரீட்சையில் கலந்துகொண்ட நாடுகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக ஜெர்மனியில் இருந்தது. காரணம் தேடப் போனால், அது வீட்டு வாசலில் வந்து நின்றது. அங்கே பெரும்பாலான மாகாணங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளை மூன்று வகைப் பள்ளிகளாகப் பிரித்துவிடுவார்கள். பள்ளி பெரும்பாலும் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பிற்பகலில் வீட்டுப்பாடத்துக்குத் துணை தாயார்தான். தாயார் படித்தவளாக இருந்தால் குழந்தை பிழைத்தது. துருக்கியிலிருந்து கூலிவேலைக்கு வந்து, ஜெர்மன் பாஷை நன்றாகத் தெரியாத தாயாராக இருந்தால்? அந்தக் குழந்தையின் தலையெழுத்தைப் பத்து வயதில் எழுதி முடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் தன் வேலையில் பாதியை வீட்டின் தலையில் சுமத்திவிட்டு, பிறகு வீட்டுக்குத் தக்கபடி மார்க்குப் போடுகிறது என்பது, வெளியார் வைத்த பரீட்சையினால்தான் அந்த ஊருக்கு நன்றாக விளங்கிற்று.

விளங்கியபிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. எந்த வகுப்பில் குழந்தைக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்று எல்லா மாகாணங்களுக்கும் பொதுவான அளவு வகுத்தார்கள். பிள்ளைகள் பிற்பகலிலும் பள்ளியில் இருந்து படிப்பதற்காக 2003-ல் மத்திய சர்க்கார் 400 கோடி யூரோ ஒதுக்கிற்று. உபாத்தியாயர்கள் கூட்டம் கூட்டமாகப் பின்லாந்துக்குப் போய் வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2012-ல் கணக்கில் ஜெர்மனி 514-ஐ எட்டிற்று. ஆனால் பத்து வயதில் பிரிக்கும் வழக்கத்தை அவர்கள் அடியோடு விடவில்லை. அதில் வசதியுள்ள வீட்டாருக்கு லாபம் இருக்கிறது. 2022-ல் அதே கணக்கு 475-க்கு இறங்கிற்று. குருபீடத்தில் ஏற்றி வைத்த பின்லாந்தும் 484-க்கு வந்துவிட்டது. யாத்திரை போனவர்கள் இனி எந்த க்ஷேத்திரத்துக்குப் போவார்களோ!

பார்க்கிறவர்கள் எல்லாரும் தர்மராஜாக்கள் என்று நாம் சொல்லவில்லை. பாரிஸ் கழகம் பொருளாதார ஸ்தாபனம். குழந்தையைப் பார்த்தவுடன், 'இது எந்த ஆபீஸுக்கு உதவும்?' என்று அது கணக்குப் போடுவதாகப் பலர் குறை சொல்கிறார்கள். முதல், இரண்டாவது என்று வரிசை போடுவதனால் நாடுகள் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் இறங்கிவிடுகின்றன என்று 2014-ல் பல நாட்டுக் கல்வி அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் நிறைய இருக்கிறது. ஐந்து அறிஞர் ஜப்பானுக்குப் போய் நேரில் பார்த்து, பேசி, எழுதியதற்கும், ஓர் எண்ணைத் தந்தியில் அனுப்புவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முந்தியதைச் செய்யாமல் பிந்தியதை மட்டும் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கூச்சலிடுவது, ஜுரமானியை மட்டும் பார்த்துவிட்டு மருந்து கொடுப்பது போலத்தான்.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

சுதந்திர இந்தியா 1964-ல் கோத்தாரி தலைமையில் கல்விக் கமிஷனை அமைத்தபோது, அங்கத்தினர்களாகப் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், சோவியத் ருஷ்யா, ஜப்பான் தேசத்து அறிஞர்களையும் தானே அழைத்து உட்கார வைத்தது. ஆளவந்தவன் அனுப்பிய கமிஷனுக்கும் இதற்கும் உள்ள பேதத்தை விளக்க வேண்டியதில்லை. 1966-ல் வந்த அறிக்கை, தேச வருமானத்தில் 100-க்கு 6 பங்கு கல்விக்குச் செலவிடவேண்டும் என்றது. ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் அத்தனைபேரும், பணக்காரன் ஏழை என்ற பேதமின்றி, ஒரே பள்ளியில் படிக்கவேண்டும் என்றது. அந்த 6 பங்கை 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் திரும்பச் சொல்லியிருக்கிறது. இன்னும் எட்டியபாடில்லை. ஆயினும் வெளியார் கண்ணுக்கு அஞ்சாத நிமிர்வு அன்று நம்மிடம் இருந்தது.

அடுத்தது அவ்வளவு நிமிர்வான கதை அல்ல. பிஸா பரீட்சைக்கு இந்தியாவிலிருந்து இரண்டு மாகாணங்கள் முன்வந்தன. ஒன்று ஹிமாசலப் பிரதேசம், மற்றொன்று தமிழ்நாடு. கல்வியில் முன்னே நிற்பவை என்று எண்ணித்தான் இவ்விரண்டையும் அனுப்பினார்கள். 2010-ல் பிள்ளைகள் எழுதினார்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வாசிப்பில் 337, கணக்கில் 351, விஞ்ஞானத்தில் 348. சுமார் 74 நாடுகளும் பிரதேசங்களும் இருந்த வரிசையில் நம் இரண்டு மாகாணங்களும் கிர்கிஸ்தானும் கடைசி மூன்று இடங்களைப் பங்கிட்டுக்கொண்டன.

உடனே என்ன நடந்தது? பாஸ்டன் உபாத்தியாயர்களின் பழைய கோபம் டில்லியில் மறுபிறவி எடுத்தது. கேள்விகள் நம் குழந்தைகள் அறியாத வாழ்க்கையிலிருந்து வந்தவை, நம் சூழ்நிலைக்குப் பொருந்தாதவை என்றார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 2012-ல் முதன்முறையாக எழுதிய வியத்நாம் கணக்கில் 511 வாங்கி, இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் தாண்டிற்று. அந்த நாடும் வயலும் வறுமையும் கண்ட நாடுதான். பதினைந்து வயதுக்குள் பள்ளியை விட்டு நின்றுவிட்டவர்கள் அங்கே பலர், அவர்கள் கணக்கில் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், 'சூழ்நிலை' என்ற ஒரே சொல்லில் நம் வித்தியாசத்தை அடக்கிவிட முடியவில்லை.

இந்தியா 2012, 2015, 2018 ஆகிய மூன்று தடவையும் ஒதுங்கிக்கொண்டது. 2021-ல் சண்டீகர் நகரத்துப் பிள்ளைகள் எழுதுவார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். தொற்றுநோயினால் அந்தப் பரீட்சை 2022-க்குத் தள்ளிப்போயிற்று. முடிவு வந்தபோது அதில் இந்தியா இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சுவரில் கரி என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகச் சுவரை வெள்ளையடிக்காமல் வாசற்கதவைச் சாத்திக்கொண்டோம்.

வேடிக்கை என்னவென்றால், பிறர் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும்படியான ஒன்றை அதே காலத்தில் நாம் செய்திருக்கிறோம். 2005 முதல் 'பிரதம்' என்ற ஸ்தாபனத்தார் 'அஸர்' என்ற பெயரில் கிராமம் கிராமமாக ஒரு சோதனை நடத்துகிறார்கள். தொண்டர்கள் பள்ளிக்குப் போவதில்லை. நேரே வீட்டுக்குப் போகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து, குழந்தையின் கையில் இரண்டாம் வகுப்புப் பாடத்தின் அளவில் ஒரு சிறு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் போடச் சொல்கிறார்கள். அருகில் தாயாரும் பாட்டியும் நின்று பார்க்கிறார்கள். 2018-ல் தேசத்தின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கத் தெரிந்தது. இதில் கோபுரமும் இல்லை, பாரிஸும் இல்லை. நம் குழந்தை, நம் பாஷை, நம் திண்ணை. சூழ்நிலை பொருந்தவில்லை என்று இங்கே யார் சொல்லமுடியும்? இந்த முறையைப் பாகிஸ்தான் எடுத்துக்கொண்டது. கென்யா, தான்ஸானியா, உகாண்டா தேசங்களும் தங்கள் பாஷைகளுக்கு ஏற்ப மாற்றி நடத்தியிருக்கின்றன. அங்கே அதற்கு 'உவேஸோ' என்று பெயர். ஸ்வாஹிலி பாஷையில் 'திறமை' என்று பொருள்.

மதராஸ் மணலை இங்கிலாந்துக்குக் கொடுத்தோம். திண்ணைச் சோதனையை ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்தோம். கொடுக்கக் கூசாத கைக்கு வாங்க மட்டும் கூச்சம் எதற்கு? வரிசை எண்ணுக்காகப் பரீட்சைக்குப் போகவேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. வியத்நாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நாலு நல்ல உபாத்தியாயர்களைத் தமிழ்நாட்டு சர்க்கார் தானே அழைத்து, தர்மபுரியிலும் ராமநாதபுரத்திலும் ஒரு மாதம் வகுப்பறைகளில் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைத் தமிழில் அச்சிட்டு, சட்டசபையில் மந்திரி எழுந்து பதில் சொன்னால் போதும். இதற்கு 400 கோடி யூரோ ஆகாது.

2010-ல் அந்தப் பரீட்சையை எழுதிய பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது ஆகிவிட்டது. அவர்களில் சிலருடைய குழந்தைகள் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து 'அ' எழுதிக்கொண்டிருக்கும்.